இணையச் சான்றிதழ்களின் வில்லங்கப் பேரேடு

வீடோ மனையோ வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்றிதழைத்தான். பெங்களூரில் நாம் அதை 'ஈ.சி.' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "ஈ.சி. எடுத்துட்டீங்களா சார்?" என்று கேட்காத தரகர் இல்லை. நகரின் ஐந்து பதிவு மாவட்டங்களுள் ஒன்று நம் சிவாஜிநகரின் பெயரிலேயே இருக்கிறது. ஆகவே ரஸ்ஸல் மார்க்கெட்டையும் மரியன்னை பேராலயத்தையும் போலவே பத்திரம், முத்திரைத்தாள், சாட்சிக் கையெழுத்து எல்லாம் நமக்குப் பழகிய சங்கதிகள்தாம்.

இந்த ஈ.சி. எந்த மோசடியையும் தடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் மனையை வேறொருவன் போலி ஆவணம் காட்டி யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் பதிவு பேரேட்டில் ஏறியிருப்பது ஈ.சி. போட்டுப் பார்க்கும்போது தெரியவரும். அதன் பயன் அவ்வளவே. ஆனால் அந்த அவ்வளவே பெரிய பாதுகாப்பு. ரகசியமாகச் செய்ய முடியாத திருட்டு பாதி திருட்டுதான். பேரேடு எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது என்று தெரிந்தால், கள்ளப் பத்திரக்காரனுக்குக் கை கொஞ்சம் நடுங்கும்.

இணையத்திலும் இதே போன்ற ஒரு பேரேடு இருக்கிறது. அதைப் பற்றியும், அது நாளில் எத்தனை நேரம் ஒழுங்காகத் திறந்திருக்கிறது என்ற கணக்கை ஊரறிய வெளியிடுவது ஏன் அவசியம் என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். கணினித் துறைப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விஷயம் என்று பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வங்கிக் கணக்கைக் கைப்பேசியில் பார்க்கிற எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

உங்கள் வங்கியின் இணையதளத்தைத் திறக்கும்போது, எதிரே இருப்பது உண்மையிலேயே அந்த வங்கிதானா என்று உலாவி ஒரு சான்றிதழைக் கேட்டுச் சரிபார்க்கிறது. முன்பெல்லாம் முகவரிப் பட்டையில் ஒரு சின்னப் பூட்டு தெரியும். குரோம் உலாவி 2023இல் கணினியில் அந்தச் சின்னத்தை மாற்றிவிட்டது. சின்னம் போனாலும் சோதனை போகவில்லை. இந்தச் சான்றிதழ்களைத் தருவதற்கென்றே உலகெங்கும் நிறுவனங்கள் உள்ளன. நம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈமுத்ராவும் அவற்றுள் ஒன்று. இத்தகைய நிறுவனங்களின் மூலச் சான்றிதழ்கள் நூற்றுக்கும் மேல் ஒவ்வோர் உலாவிக்குள்ளும் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கின்றன.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்த நிறுவனங்களில் எந்த ஒன்றும், உலகின் எந்தத் தளத்தின் பெயருக்கும் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட முடியும். நம் சிவாஜிநகர் வீட்டை மைசூரிலோ, மாஸ்கோவிலோ, மணிலாவிலோ உள்ள ஒரு சார்பதிவாளர் யார் பெயருக்கு வேண்டுமானாலும் பதிந்து தரலாம், அதுவும் செல்லும் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் பல ஆண்டுகள் இருந்தது.

நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்றொரு சான்றிதழ் நிறுவனம். 2011இல் அதன் கணினிகளுக்குள் யாரோ புகுந்து 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை எழுதிக்கொண்டார்கள். அவற்றுள் கூகுள் பெயரில் எழுதப்பட்ட ஒன்றைக் கொண்டு ஈரானில் லட்சக்கணக்கானோரின் ஜிமெயில் போக்குவரத்து இடைமறிக்கப்பட்டது. கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த நிறுவனம் திவாலானது.

நம் நாட்டிலும் இது நடந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் கீழ், சான்றளிப்போரைக் கட்டுப்படுத்தும் அதிகாரி அலுவலகம் ஒன்று மத்திய அரசில் உண்டு. அதன் கீழ் தேசியத் தகவலியல் மையம், அதாவது என்.ஐ.சி., சான்றிதழ் வழங்கி வந்தது. 2014 ஜூலை 2ஆம் தேதி, கூகுளின் சில தளப் பெயர்களுக்கு என்.ஐ.சி. வழியாக அனுமதியற்ற சான்றிதழ்கள் எழுதப்பட்டிருப்பதை கூகுள் கண்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இந்திய மூலச் சான்றிதழை ஏற்றுக்கொண்டிருந்தபடியால், விண்டோஸ் கணினிகளில் ஓடும் உலாவிகள் பலவும் அவற்றை நம்பிவிடும் நிலை. பயர்பாக்ஸ் தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருந்ததால் தப்பித்தது. மறுநாளே கட்டுப்பாட்டு அலுவலகம் என்.ஐ.சி.யின் இடைநிலைச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ரத்து செய்தது. அதன் பிறகு குரோம், இந்திய அரசு மூலச் சான்றிதழை அரசுத் தளங்கள் போன்ற ஒரு சில பெயர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது.

அந்த நிகழ்ச்சியில் என் மனத்தை உறுத்துவது வேறு. எத்தனை சான்றிதழ்கள் தவறாக எழுதப்பட்டன? அலுவலகம் சொன்ன கணக்கு நான்கு: கூகுளுக்கு மூன்று, யாகூவுக்கு ஒன்று. அந்த நான்கில் சேராத வேறு சிலவும் தன் கண்ணில் பட்டதாகவும், ஆகவே சேதத்தின் அளவு தெரியாது என்றுதான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது என்றும் கூகுள் சொன்னது. யார் சொன்னது சரி என்று பார்க்க, எல்லோருக்கும் பொதுவான பேரேடு ஒன்று அன்றைக்கு நடைமுறையில் இல்லை. எழுதியவரே எண்ணிச் சொன்னால்தான் உண்டு. திருடு போன வீட்டில் "என்னென்ன போச்சு?" என்று திருடனிடமே கேட்பது போலத்தான்!

டிஜிநோட்டார் விவகாரத்துக்குப் பின் கூகுள் பொறியாளர்கள் பென் லாரி, ஆடம் லாங்லி, எமிலியா காஸ்பர் ஆகியோர் வகுத்த திட்டம் 2013 ஜூனில் ஆர்.எஃப்.சி. 6962 என்ற எண்ணில் வெளியாயிற்று. சர்ட்டிபிகேட் டிரான்ஸ்பரன்சி, சுருக்கமாக சி.டி., என்று இதைச் சொல்வார்கள். இனி எந்த நிறுவனம் எந்தத் தளத்துக்குச் சான்றிதழ் எழுதினாலும் அது பொதுப் பேரேடுகளில் பதிவாக வேண்டும், பதிவாகாததை உலாவி ஏற்காது என்பதே சாரம். 2018 ஏப்ரல் 30க்குப் பின் எழுதப்பட்ட சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் குரோம் இதைக் கட்டாயமாக்கியது. ஆப்பிளும் அதே ஆண்டில் சேர்ந்தது. பயர்பாக்ஸ் நெடுநாள் யோசித்துவிட்டு 2025இல்தான் வந்தது.

பேரேடு எப்படி எழுதப்படுகிறது என்பது சுவையான பகுதி. நம் முன்னோர் தானங்களையும் நில உரிமைகளையும் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். இதே பெங்களூரில் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். கல்லில் வெட்டியதில் மேலும் சேர்க்கலாமே தவிர, பழையதைச் சத்தமில்லாமல் திருத்த முடியாது. செதுக்கினால் வடு தெரிந்துவிடும். சி.டி. பேரேடும் சேர்க்க மட்டுமே முடிகிற பேரேடுதான். இதில் வடுவைக் காட்டிக்கொடுப்பது கணிதம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண்கோவை கணக்கிடப்படுகிறது; அதைக் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைரேகைகளைச் சேர்த்து மேலே இன்னொரு கைரேகை, அவற்றில் இரண்டிரண்டைச் சேர்த்து அதற்கும் மேலே ஒன்று என்று மரம் போலப் போய், உச்சியில் ஒரே ஒரு கைரேகை நிற்கும். ரால்ஃப் மெர்கிள் என்பவர் 1979இல் வகுத்த முறை இது. அடியில் எந்தப் பதிவில் ஒரு எழுத்து மாறினாலும் உச்சி மாறிவிடும்.

மிகைப்படுத்துவதாக எண்ண வேண்டாம். 2021 கோடையில் டிஜிசெர்ட் நிறுவனத்தின் எட்டி 2022 என்ற பேரேட்டில், ஆறரைக் கோடிக்கு மேற்பட்ட பதிவுகளுக்கு நடுவே, ஒன்றின் கைரேகையில் ஒரே ஒரு பிட், பூஜ்யமோ ஒன்றோ, தலைகீழாகிவிட்டது. விண்ணிலிருந்து வந்த காஸ்மிக் கதிர் தாக்கியிருக்கலாம் என்றுகூடப் பேசினார்கள். காரணம் எதுவானாலும் உச்சிக் கணக்கு ஒத்துவரவில்லை, அதைச் சரிசெய்யவும் வழியில்லை. அந்தப் பேரேட்டையே மூடிக் கட்ட வேண்டியதாயிற்று. இந்த அளவு கறார்த்தனம் நம் பதிவு அலுவலகங்களில் இருந்தால் பாதி சிவில் வழக்குகள் இருக்காது என்று நண்பர் ஒருவர் சொன்னார்.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். சான்றிதழ் நிறுவனம் ஒரு சான்றிதழைப் பேரேட்டுக்கு அனுப்பியதும், பேரேடு உடனே முத்திரையிட்ட ரசீது ஒன்றைத் தரும். 'பெற்றுக்கொண்டேன், 24 மணி நேரத்துக்குள் ஏட்டில் ஏற்றிவிடுகிறேன்' என்ற வாக்குறுதி அது. உலாவி பார்ப்பது இந்த ரசீதைத்தான். ஒரு பேரேட்டை மட்டும் நம்பக்கூடாது என்பதற்காக, குறைந்தது இரண்டு பேரேடுகளின் ரசீதுகள், அவையும் வெவ்வேறு நடத்துநர்களிடமிருந்து வேண்டும் என்று குரோம் கேட்கிறது.

ரசீது கொடுத்துவிட்டு ஏட்டில் ஏற்றாமல் விட்டால்? அல்லது ஏற்றிவிட்டு, யார் வந்து கேட்டாலும் கதவைத் திறக்காமல் இருந்தால்? உலாவி ரசீதைப் பார்த்து நம்பிவிடும். தளத்தின் உண்மையான சொந்தக்காரரோ தன் பெயரில் என்ன எழுதப்பட்டது என்று பார்க்க முடியாமல் வெளியே நிற்பார். பேரேடு மூடிக் கிடக்கும் நேரமெல்லாம் கள்ளப் பத்திரத்துக்கு நல்ல நேரம். ஆகவே பேரேடு எத்தனை நேரம் திறந்திருக்கிறது என்பது, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது போன்ற வசதிப் பிரச்சினை அன்று. பாதுகாப்பே அதில்தான் அடங்கியிருக்கிறது.

கர்நாடகத்தில் நாம் இதை நேரிலேயே பார்த்தோம். 2025 தொடக்கத்தில் பத்திரப் பதிவுக்கான காவேரி 2.0 தளத்தின் மீது, போலிக் கோரிக்கைகளை வெள்ளமாக அனுப்பி முடக்கும் தாக்குதல் நடந்து, மாநிலம் முழுவதும் பதிவு வேலைகள் ஸ்தம்பித்தன. ஈ.சி. எடுக்க முடியாமல், பேசி வைத்த தேதியில் பத்திரம் முடிக்க முடியாமல் மக்கள் அலைந்தது நினைவிருக்கும். ஏடுகள் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் பார்க்க முடியாத ஏட்டை வைத்துக்கொண்டு வாங்குகிறவர் என்ன செய்வார்?

சி.டி. பேரேடுகளுக்கு குரோம் வைத்திருக்கும் நிபந்தனை, 99 விழுக்காடு நேரம் வேலை செய்ய வேண்டும் என்பது. 90 நாட்களுக்குக் கணக்கிடுவார்கள். 90 நாளில் 1 விழுக்காடு என்றால் 21 மணி 36 நிமிடம். மூன்று மாதத்தில் ஒரு நாளுக்கும் குறைவாகவே மூடிக் கிடக்கலாம். கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். ஆனால் கோடிக்கணக்கான பதிவுகள் கொண்ட தரவுத்தளத்தை இடம் மாற்றுவதோ, பழுது பார்ப்பதோ ஒரு வார இறுதியைத் தின்றுவிட்டால் மூன்று மாத ஒதுக்கீடு ஒரே மூச்சில் காலி.

இந்த விழுக்காட்டை எப்படி எடுப்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. பேரேட்டுக்கு ஒரே வாசல் இல்லை. சான்றிதழைச் சேர்க்கும் வாசல், உச்சிக் கைரேகையைக் கேட்கும் வாசல், பதிவுகளைப் படிக்கும் வாசல், ஒரு பதிவு உள்ளே இருப்பதற்குச் சான்று கேட்கும் வாசல் எனப் பல. எட்டு வாசல்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வாசல்கள் 100 விழுக்காடு நேரமும் திறந்திருக்க, படிக்கும் வாசல் மட்டும் 92 விழுக்காடுதான் திறந்திருந்தது. கூட்டி எட்டால் வகுத்தால் சராசரி சரியாக 99. தேர்ச்சி! ஆனால் 90 நாளில் 8 விழுக்காடு என்பது 7 நாளுக்கும் மேல். ஒரு வாரம் முழுக்க யாராலும் ஏட்டைப் படிக்க முடியவில்லை என்பதைச் சராசரி மறைத்துவிடுகிறது. சான்றிதழ் விற்பவர்களுக்குச் சேர்க்கும் வாசல்தான் முக்கியம். அது மூடினால் உடனே கூச்சல் எழும். படிக்கும் வாசல் மூடினால் கத்துவதற்கு ஆள் குறைவு. அதனால் ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனியே கணக்கு வைத்து, மிகக் குறைவான எண்ணை முன்னே நிறுத்துவதுதான் நேர்மை என்பது என் கருத்து.

கூகுள் தன் கண்காணிப்புக் கணக்கை இப்போது வாசல் வாரியாக, யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய எளிய அட்டவணைகளாகப் பொதுவில் வைத்திருக்கிறது. இதில் என்ன பெரிசு என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

முதலாவது, அளப்பவர் யார் என்ற கேள்வி. குரோம் உலாவியும் கூகுளுடையது. ஆர்கான், சீனான் என்ற பேரேடுகளும் கூகுளுடையவை. கேள்வித்தாள் எழுதி, தேர்வும் எழுதி, தானே திருத்துகிற வாத்தியார் மாதிரி. கூகுள் பாரபட்சம் காட்டியது என்று நான் சொல்லவில்லை. 2016 நவம்பரில் அதன் சொந்தப் பேரேடான ஏவியேட்டர், கூடுதல் சுமையால் 24 மணி நேர வாக்குறுதியைச் சில மணி நேரம் தாண்டிவிட்டபோது, புதிய பதிவுகள் சேர்ப்பதை நிறுத்தி அதை உறையவைத்தார்கள். ஆனால் நேர்மையானவரும் மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டத்தான் வேண்டும். எண்கள் வெளியே இருந்தால், கூகுள் பேரேடு 98 வாங்கியும் உள்ளே இருக்கிறதா, இன்னொருவர் பேரேடு 98.9க்கே வெளியேற்றப்படுகிறதா என்று எவரும் ஒப்பிடலாம்.

அடுத்தது நடத்துகிறவர்களின் கஷ்டம். "எங்க பக்கம் எல்லாம் ஒழுங்காத்தானே ஓடுது!" என்று ஒரு பேரேட்டு நடத்துநர் சொல்வார். அவருடைய கருவியும் அதைத்தான் காட்டும். ஆனால் அளப்பவர் வேறொரு கண்டத்திலிருந்து கேட்கிறார். வழியில் ஏதோ ஒரு கம்பி தகராறு செய்கிறது. இன்னொரு வகைத் தகராறும் உண்டு. யாராவது அளவுக்கு மீறிக் கேட்டால் 'கொஞ்சம் பொறு' என்று பேரேடு திருப்பி அனுப்பும். அதைத் திறந்திருந்ததாகக் கொள்வதா, மூடியிருந்ததாகக் கொள்வதா? ரேஷன் கடையில் 'நாளைக்கு வா' என்பது கடை திறந்திருந்த கணக்கா, மூடியிருந்த கணக்கா என்று கேட்பது போலத்தான் இதுவும். எண்கள் பொதுவில் இருந்தால் தன் கணக்கையும் அவர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வாசலில் பிசகு என்று பார்த்து, 99க்குக் கீழே போகும் முன்பே சரிசெய்துகொள்ளலாம். கடைசி நாளில் வந்து விழும் நோட்டீஸைவிட இது எவ்வளவோ மேல்.

சான்றிதழ் நிறுவனங்களுக்கும் இது பயன். எந்தப் பேரேடு தள்ளாடுகிறது என்று தெரிந்தால் வேறொன்றுக்குப் போவார்கள். இந்தச் சுமை ஏறிக்கொண்டேதான் போகும். பொதுச் சான்றிதழ்களின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச்சில் 47 நாளாக்குவது என்று 2025இல் முடிவாயிற்று. ஆயுள் குறைந்தால் புதுப்பித்தல் கூடும், பேரேடுகளும் வீங்கும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தன் பழைய முறைப் பேரேடுகளை மூடப் போவதாக 2025இல் அறிவித்ததும், ஏட்டை ஓடு ஓடாகச் சாதாரணக் கோப்புகளாக வைத்து எளிதில் படிக்கத் தரும் புதிய முறைக்கு மாறியதும் இந்தப் பாரம் தாங்காமல்தான். கோப்புகளைப் பரிமாறுவது சுலபம் என்பதால் படிக்கும் வாசல் அடிக்கடி மூடாது என்பது எதிர்பார்ப்பு. அது நிறைவேறுகிறதா என்பதையும் இதே அட்டவணைதான் சொல்ல வேண்டும்.

பழைய பேரேட்டை மூடும்போது அதிலுள்ளதைப் படியெடுத்து வைப்பதும் நமக்குத் தெரியாத வழக்கம் அன்று. திருமழபாடிக் கோயிலை ராஜராஜ சோழன் காலத்தில் பிரித்துக் கட்டத் தொடங்கியபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் புதுச் சுவரில் அவற்றை மறுபடி வெட்டினார்கள்.

இன்று பேரேடு நடத்துவோர் என்று கூகுள், கிளவுட்ஃப்ளேர், டிஜிசெர்ட், செக்டிகோ, லெட்ஸ் என்கிரிப்ட், டிரஸ்ட்ஏசியா ஆகிய பெயர்களைச் சொல்லலாம். இவற்றுள் இந்தியப் பெயர் இல்லை. மறுபக்கம், இந்தியாவுக்கென்று ஒரு உலாவி வேண்டும், அதில் இந்திய அரசின் மூலச் சான்றிதழ் பதிந்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023இல் ஒரு போட்டி அறிவித்தது. 2025 மார்ச்சில் முதல் பரிசு சோஹோ நிறுவனத்துக்குக் கிடைத்தது. உலா என்ற தமிழ்ப் பெயர் கொண்ட உலாவி அவர்களுடையது. தமிழர்களுக்குப் பெருமைதான், மறுப்பில்லை. ஆனால் 2014இல் விடை கிடைக்காமல் போன அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்பேன். அந்த மூலச் சான்றிதழின் பேரில் எழுதப்படுகிற ஒவ்வொன்றும் எந்தப் பேரேட்டில் ஏறும்? அந்தப் பேரேடு எத்தனை நேரம் திறந்திருக்கிறது என்ற கணக்கை யார் எடுப்பார், அது நம் கண்ணுக்குத் தெரியுமா? சுதேசி என்பதாலேயே ஏட்டை மூடி வைத்துக்கொள்ள யாருக்கும் சலுகை கிடையாது.

நம் வாசகர்களில் சொந்தக் கடைக்கோ, பள்ளிக்கோ, சங்கத்துக்கோ இணையதளம் வைத்திருப்போர் பலர். அவர்கள் இப்போதே ஈ.சி. போட்டுப் பார்க்கலாம். செக்டிகோ நடத்தும் சி.ஆர்.டி. புள்ளி எஸ்.ஹெச். என்ற தேடுதளத்தில் உங்கள் தளத்தின் பெயரை அடித்தால், அந்தப் பெயருக்கு எந்த நிறுவனம், எந்தத் தேதியில் சான்றிதழ் எழுதியது என்ற பட்டியல் வரும், கட்டணம் இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற பெயர் ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் பயப்பட வேண்டாம், அது புதுப்பித்தல். நீங்கள் கேள்வியே படாத நிறுவனத்தின் பெயர் வந்தால் தளத்தைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாது என்றால், சான்றிதழ் எழுதிய நிறுவனத்துக்கே எழுதி ரத்து செய்யச் சொல்ல வேண்டும். நடு ராத்திரியில் தேடுதளம் பதில் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், காலையில் மறுபடி ஒரு தரம் பாருங்கள்.